ஐஸ் வைக்கத் தெரிந்தவள்

மீன் இறக்கும் துறையில் அவளை எல்லோரும் ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வெளியூர் போகும் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் வைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. துறையில் வந்து இறங்குகிற மீனுக்கெல்லாம் ஐஸ் வைப்பாள், மேஸ்திரிக்கு மட்டும் ஒரு நாளும் ஐஸ் வைத்ததில்லை. 'இன்னைக்குச் சட்டை எடுப்பா இருக்கு சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எப்போதோ நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். என்ன செய்ய, வாயைத் திறந்தால் உள்ளதுதான் வரும். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கவாவது தெரியவேண்டும், அதுவும் தெரியாது.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெட்டியின் அடியில் நொறுக்கின ஐஸைப் பரப்பி, அதன்மேல் மீன், மறுபடி ஐஸ், நடுவில் காற்றுகூடப் புகாமல் அடைப்பாள். "ஐஸ் தொடணும், தொட்டாத்தான் மீன் பிழைக்கும்" என்பாள். செத்த மீன் என்னத்தைப் பிழைக்கிறது என்று யாராவது சிரித்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். தூரத்துக்குப் போகிற பெட்டி என்றால் ஐஸில் ரெண்டு கை கல் உப்பைத் தூவிக் கிளறுவாள். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கொடூரமாகக் குளிரும், விரலை வைத்தால் சுடுகிற மாதிரி இருக்கும். மூடியைப் போட்டு டேப் ஒட்டிவிட்டால், போய்ச் சேருகிற வரைக்கும் ராஜாவே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது. அவள் கட்டின பெட்டி ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

வீட்டில் அவளும் தங்கச்சியும் மட்டும்தான். தங்கச்சிக்கு முப்பத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகிற வகை. ஊசி இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று அன்றைக்கே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பதின்மூன்று வயதிலிருந்து ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். அக்கா கிட்டே போனால், "என் உடம்பு, என் ஊசி, நீ போய் உன் மீனைப் பாரு" என்று விரட்டிவிடுவாள். ஃப்ரிட்ஜ் கதவின் மேல் தட்டு தங்கச்சியின் ராஜ்ஜியம். அங்கே இன்சுலின் குப்பிகள் நிற்கும். மீன் நாற்றம் அடிக்கிற கையோடு அக்கா அந்தத் தட்டைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் இருபது வருஷமாக ஐஸ்காரம்மா ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் மருந்து வருவது நின்றது. முதல் மாதம் மருந்துக் கடைக்காரர், "அடுத்த வாரம் வந்துரும்" என்றார். அடுத்த மாதம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிட்டார். அதற்கடுத்து, நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பாதிதான் கொடுத்தார்கள், பிறகு அந்தப் பாதியும் இல்லை. தங்கச்சி வழக்கம்போலக் கடைக்குப் போய் வந்தாள். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஜெராக்ஸ் மிஷின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். அக்கா காலி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஊசியைக் குறைச்சிட்டியா?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"சும்மா நொய் நொய்ன்னாதே அக்கா. இருக்கறத இழுத்துப் பிடிக்க வேணாமா?"

அன்றைக்கு ரெண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அப்புறம் ரெண்டு பேரும் அழுதார்கள்.

பெரிய ஊரில், ஆஸ்பத்திரி மருந்து அட்டையோடு நேரில் வருகிறவர்களுக்கு மருந்துக் கிடங்கிலேயே குப்பி கொடுக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. வீட்டில் அப்போது மூன்று வேளைக்குத்தான் மருந்து மிச்சம். ஐஸ்காரம்மா யாரையும் கேட்கவில்லை. துறையிலிருந்து ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கச்சியின் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறு மணி நேரப் பயணம் கிளம்பிவிட்டாள்.

வரிசை கிடங்கைச் சுற்றி அடுத்த தெருவரை போயிற்று. அவளுக்கு முன்னால் நின்றவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அவள் ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வருகிற ஜங்ஷனில், பஸ் நிலையத்துக்கு எதிரேதான் கடையாம். மனைவிக்காக வந்திருந்தார். "நாளைக்குக் காலையில ஒரு ஊசிக்குத்தான் இருக்கும்மா. அதோட துடைச்சுப் போட்டாப்ல" என்றார். விடிய விடிய அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒருத்தர் கண்ணயர்ந்தால் மற்றவர் இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத்தான் கவுன்டரை எட்டினார்கள். ஆளுக்கு மூன்று குப்பி. கவுன்டர்க்காரர் தலை நிமிராமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை அவளிடமும் சொன்னார்:

"வெயில் படாம ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போங்க. கெட்டுட்டா மறுபடி கிடையாது."

ஐஸில் வை என்றால் மற்றவர்களுக்கு என்ன அர்த்தமோ தெரியாது. பையில் ஒரு ஓரமாக ரெண்டு கட்டி, நடுவில் துணி, அவ்வளவுதான் இருக்கும். ஐஸ்காரம்மாவுக்கு ஐஸில் வை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். நேரே பக்கத்து மீன் கடைக்குப் போனாள். ஐஸ் கட்டியைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே நொறுக்கினாள். ஆறு மணி நேரத் தூரமாயிற்றே என்று ரெண்டு கை கல் உப்பைக் கேட்டுத் தூவினாள். அடியில் ஐஸ், அதன்மேல் குப்பி, மறுபடி ஐஸ், இடுக்கு விடாமல்.

கடிகாரக்காரர் தன் மூன்று குப்பியையும் ஒரு பேப்பரில் சுருட்டித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே இது? கடலை மாதிரி மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க! ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள வெந்துரும். இப்படிக் குடுங்க."

"உங்க பெட்டியில இடம் இருக்குமாம்மா?"

"இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதாண்ணே. நான் கட்டினது கெட்டதா சரித்திரமே இல்ல."

அவர் கையெடுத்துக் கும்பிட்டு, குப்பிகளைக் கொடுத்தார்.

மூடி போட்டு டேப் ஒட்டி முடித்தபோது கிடங்கு ஆள் ஒருவர் ஓடிவந்தார். அவள் அட்டையில் நான்கு என்று இருக்கிறதாம், மூன்றுதான் கொடுத்திருக்கிறார்களாம். நான்காவது குப்பியை நீட்டினார். வாங்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். ஒட்டின பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர் போய்விடும். வேறு வழியில்லாமல் அந்த ஒன்றை ஈரக் கைக்குட்டையில் சுற்றி, காலியான சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அந்த ஒன்றை நினைத்துத்தான் கவலைப்பட்டாள். பஸ்ஸில் வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் டப்பாவை மாற்றி மாற்றி வைத்தாள். ஒன்று போனால் போகட்டும், ஆறு பத்திரமாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஜங்ஷனில் கடிகாரக்காரர் இறங்கும்போது டேப்பைக் கிழித்து அவருடைய மூன்றை எடுத்துக் கொடுத்தாள். குப்பிகள் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. "அம்மாடி, கையைச் சுடுதே!" என்றார் அவர். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்பத்தாண்ணே அது மருந்து. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜ்ல வையுங்க."

சூடேறின மீனைக் குளிர்ந்த மீனோடு சேர்க்கக் கூடாது என்பது துறைப் பாடம், அதனால் நாலாவதை டப்பாவிலேயே விட்டுப் பெட்டி மூடியை இறுக்கினாள். நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தாள். தங்கச்சி கடையைச் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். கண் குழி விழுந்திருந்தது. ஐஸ்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தரையில் வைத்து, ஐஸைத் தோண்டி, ஒரு குப்பியை எடுத்து மேஜைமேல் டொக்கென்று தட்டிக் காட்டினாள்.

"பாரு! கல்லு மாதிரி கொண்டுவந்திருக்கேன்!"

தங்கச்சி அந்தக் குப்பியை வாங்கிச் சாய்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. இன்னொன்றைச் சாய்த்தாள். மூன்றாவதைத் தொடக்கூட இல்லை, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, உறைஞ்சிருக்கு."

"ஆமா, உறையாம? உப்பு போட்டேன்ல!"

"உறைஞ்சா இது செத்துரும் அக்கா."

ஐஸ்காரம்மாவுக்கு முதலில் அந்த வார்த்தை புரியவே இல்லை. குளிரினால் ஒன்று கெட்டுப்போகும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்படாத சங்கதி. வெயிலில் கெடும், காற்றில் கெடும், ஈ மொய்த்தால் கெடும். குளிரில் எப்படிக் கெடும்?

"உருகட்டும், சரியாயிரும்."

"ஆகாது. அதை ஃப்ரீஸர்ல வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியலியே..." என்று தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐஸ்காரம்மா மூன்றையும் டப்பாவையும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருந்த நர்ஸ் நல்ல மாதிரி. ஆனால் பொய் சொல்லிச் சமாதானப்படுத்துகிற ஆள் இல்லை. அதற்குள் ஒரு குப்பியில் பாதி உருகித் தெளிவாகிவிட்டிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"பாருங்க, தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. முழுசா உருகினா புதுசுக்கும் இதுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆனா உள்ள மருந்து உடைஞ்சிருக்கும். போட்டா வேலை செய்யும்னு நம்பவே முடியாது. கீழ கொட்டிருங்கம்மா."

செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எத்தனை நாள் ஆனது என்று சொல்கிறவள் அவள். கெட்டது என்றால் நாற வேண்டும், நிறம் மாற வேண்டும். இது என்ன அநியாயம், கெட்டும் பளிச்சென்று இருக்கிறதே!

"இந்த டப்பாவில் ஒண்ணு இருக்கும்மா. இது ஐஸே படல. ஆறு மணி நேரம் சும்மா வந்துச்சு."

நர்ஸ் தொட்டுப் பார்த்து, அட்டையைப் பார்த்து, தேதியைப் பார்த்தாள். "வெயில்ல வெச்சீங்களா?"

"நிழல்லதான் வெச்சேன். ஈரத் துணியில."

"அப்ப இது நல்லாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாட்டாலும் சூடு படாம இருந்தா சில வாரம் தாங்கும்."

எதை நினைத்து வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தாளோ அதுதான் பிழைத்திருந்தது. ஆறையும் தன் கையால் கொன்றிருக்கிறாள். ஆறு! அந்த எண்ணம் வந்ததும்தான் கடிகாரக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. கும்பிட்டுக் கொடுத்தாரே. பேப்பரில் சுருட்டிப் பையிலேயே வைத்திருந்தால் மூன்றும் உயிரோடு போய்ச் சேர்ந்திருக்குமே.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். தங்கச்சி அந்த ஒரு குப்பியிலிருந்து சாயங்கால ஊசியை அளந்து போட்டுக்கொண்டாள். மிச்சத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். பன்னிரண்டு நாளைக்கு வரும். அடுத்த சரக்கு எப்போது என்று கிடங்கில் யாருக்கும் தெரியவில்லை.

"அவருக்குச் சொல்லணும் அக்கா."

"ம்."

"நல்ல மருந்துன்னு நம்பிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. சர்க்கரை ஏறிக்கிட்டே போகும். இப்பவே போ."

"போறேன்டி. போய் என்னன்னு சொல்றது? உங்க மருந்தை நான்தான் சாகடிச்சேன்னா?"

தங்கச்சி எழுந்தாள். குப்பியைத் திரும்பவும் கைக்குட்டையில் சுற்றி டப்பாவில் வைத்து அக்காவின் பைக்குள் போட்டாள்.

"இதை எதுக்கு?"

"வெறுங்கையோட போய் அவங்க தலையில கல்லைப் போட்டுட்டு வருவியா?"

"பைத்தியமா உனக்கு? இது போனா உனக்கு என்னடி இருக்கு?"

"என் அட்டையில வந்தது. அங்க போய் உனக்கு என்ன தோணுதோ செய். நான் கேக்கமாட்டேன்."

ஐஸ்காரம்மா அந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மறுபடி பையில் போட்டாள். பஸ் ஏறும்போது முடிவு பண்ணிவிட்டாள்: விஷயத்தைச் சொல்வது, காலில் விழுவது, டப்பாவைத் திறக்காமல் திரும்பி வருவது. ஊருக்கு நல்லவளாக இருக்க அவளுக்கு இன்னொரு தங்கச்சி இல்லை.

கடிகாரக் கடை ரெண்டு ஆள் நிற்கிற அகலம்தான். சுவர் நிறைய கடிகாரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அவளைப் பார்த்ததும் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் எழுந்து வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! இங்க பாரு, நான் சொன்னேன்ல, இவங்கதான்!"

உள்ளே ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. மடியில் தண்ணீர்ச் செம்பு. சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள், உடனே இன்னொரு வாய் குடித்தாள்.

"கொண்டுவந்ததும் வெளிய வெச்சு, இளகினதும் ஊசி போட்டாச்சு. இன்னும் தாகம்தான் அடங்கல. ராத்திரி கொஞ்சம் கூட்டிப் போடலாம்னு இருக்கோம்" என்றார் அவர்.

"போடாதீங்கண்ணே!"

கத்திவிட்டாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. உப்பு, ஐஸ், உறைந்தது, நர்ஸ் சொன்னது, எல்லாம் கொட்டிவிட்டது. "பேப்பர்லயே விட்டிருந்தா பிழைச்சிருக்கும். நான்தான் கெடுத்தேன். என் வாய்க்கொழுப்பு, என் திமிரு" என்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து மூன்று குப்பியையும் எடுத்துவந்து மேஜை விளக்கடியில் வைத்தார். மூன்றும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப உங்களுதும் போச்சாம்மா?"

"போச்சுண்ணே."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் உருப்படியான பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அடப்பாவமே. தங்கச்சிக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று அந்த அம்மாள்தான் கேட்டாள். செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "அவ சின்னப் பொண்ணாச்சே. நானாவது அம்பதைத் தாண்டிட்டேன்."

"ஏழு மணி பஸ்ஸுக்கு நான் திரும்பக் கிடங்குக்குக் கிளம்பறேன்" என்றார் அவர். ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "தங்கச்சி அட்டையைக் குடுங்கம்மா, உங்களுக்கும் சேர்த்து நிக்கறேன். நீங்க பொண்ணைத் தனியா விடாதீங்க. வேணும்னா பண்ணீங்க? நல்லது நினைச்சுத்தானே பண்ணீங்க."

அவள் அட்டையை எடுக்க இடுப்புக்குக் கை கொண்டுபோனாள். கை வரவில்லை. சுவரில் அத்தனை கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பையைத் தேடினார், அந்த அம்மாள் மறுபடி தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தங்கச்சி பாட்டிலைத் தூக்கிக் குடித்த அதே குடி.

ஐஸ்காரம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன். ஒண்ணு இருக்கு."

ரெண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் தங்கச்சிக்கு வெச்சிருந்தேன்" என்று டப்பாவிடம் சொன்னாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி, அவங்க சொல்ற அளவு இதுலேர்ந்து போடலாம். அப்புறம் என்னோட வீட்டுக்கு வாங்க. ஒரே குப்பி, அவளுக்குத் தனி ஊசி, உங்களுக்குத் தனி ஊசி. அண்ணனும் நானும் வரிசையில போய் நிக்கறோம்."

அந்த அம்மாள் மெதுவாக எழுந்து வந்தாள். "உங்க தங்கச்சி ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் போடறா?"

சொன்னாள். அந்த அம்மாள் தன்னுடையதையும் கூட்டிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப அஞ்சு நாள்" என்றாள்.

"அஞ்சு நாள்தாம்மா."

அஞ்சு நாளைக்குள் சரக்கு வருமா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அந்த அம்மாள் ஊசிகள் இருந்த சின்னப் பையை எடுத்துக்கொண்டு, கைக்குட்டையை விலக்கிக் குப்பியைத் தொட்டாள். உடனே சந்தேகமாக நிமிர்ந்தாள்.

"இது ஜில்லுன்னே இல்லையேம்மா. நிஜமா நல்ல மருந்துதானா?"

"நல்லதுதாம்மா" என்றாள் ஐஸ்காரம்மா. "இதுக்கு நான் ஐஸ் வைக்கல."